இரண்டு நாள் புதுச்சேரி: சாப்பிட வருகிறவர்கள் கேட்கிற கேள்விகள்

எங்கள் ஊர் கடலூர், பிழைப்பு புதுச்சேரியில். அதனால் லீவு வந்தால் போதும், சொந்தக்காரர்களும் கூட வேலை பார்த்தவர்களும் போனில் வரிசையாகக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்: எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது, கடலூருக்கும் ஒரு எட்டு போகலாமா. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இரண்டு நாள் போதுமா?

ஊரைச் சுற்றிப் பார்க்க ஒரு நாளே போதும். பழைய நகரம் அவ்வளவு சின்னது. ஆனால் சாப்பிட இரண்டு இரவாவது தங்க வேண்டும். இங்கே நல்ல சாப்பாடு நேரத்துக்கு நேரம் வேறு வேறு இடத்தில் கிடைக்கும். காலையில் மார்க்கெட்டைச் சுற்றி, மதியம் மெஸ்ஸில், சாயங்காலம் நேரு வீதிப் பக்கமும் கடற்கரையிலும். காலை 11 மணிக்கு வந்து இறங்கி மறுநாள் மதியம் கிளம்புகிறவர்கள் இதில் பாதியைத் தவறவிடுகிறார்கள். அப்புறம் "பாண்டியில் ஒன்றும் பிரமாதமில்லை" என்கிறார்கள்.

எந்தக் கிழமை வரலாம்?

வேலை நாளில் வர முடிந்தால் அதுதான் நல்லது. வெள்ளி இரவு முதல் ஞாயிறு மாலை வரை சென்னையும் பெங்களூரும் இங்கேதான் இருக்கும். அறை வாடகை ஏறும், மிஷன் வீதியில் வண்டி நகராது, நல்ல கடைகளில் மேசைக்குக் காத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையில் உள்ள ஒரே கவர்ச்சி, காந்தி வீதி நெடுக நடக்கும் சண்டே மார்க்கெட். துணி, செருப்பு, பாத்திரம், பழைய புத்தகம் என்று எல்லாம் தரையில் விரித்திருப்பார்கள். கூட்டம் பிடிக்கும் என்றால் வாருங்கள். திங்கட்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம்?

டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை. புத்தாண்டு இரவு மட்டும் வேண்டாம், அன்று கடற்கரைச் சாலையில் கால் வைக்க இடமிருக்காது. அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் வந்தால் இந்தக் கரையைத் தேடித்தான் வரும். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவேதான் கரை கடந்தது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரி நகரம் மழைநீரில் மிதந்தது.

மீன் சாப்பிடவே வருகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. சின்னப் படகுகள் கரையோரம் பிடித்துவரும் மீன் மட்டும்தான் கிடைக்கும், விலையும் எக்கச்சக்கம். அந்த நாட்களில் பெரிய ஓட்டலில் வஞ்சிரம் தட்டில் வந்தால் அது ஐஸில் எத்தனை நாள் கிடந்தது என்று யோசிக்கத்தான் வேண்டும். பதிலுக்கு அந்த வெயிலில் பண்ருட்டிப் பலா வரத்து உண்டு.

எப்படி வருவது?

சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். வழியாக சுமார் 150 கிலோமீட்டர், மூன்று மூன்றரை மணி நேரம். திண்டிவனம் வழியாகவும் பேருந்துகள் உண்டு. மதுரை, திருச்சிப் பக்கமிருந்து ரயிலில் வருகிறவர்களுக்கு விழுப்புரத்தில் இறங்குவது வசதி, அங்கிருந்து பேருந்து கிடைத்துக்கொண்டே இருக்கும். ஒரு விஷயம் வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரிவதில்லை: புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நேர் ரயில் பாதை கிடையாது. இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனால் ரயிலில் போக நினைத்தால் விழுப்புரம் சுற்றி வர வேண்டும். பேருந்தே சரி.

ஒயிட் டவுனில் தங்குவதா, வெளியிலா?

ஒயிட் டவுன் என்பது கடலோரம் இருக்கும் பழைய பிரெஞ்சுக்காரர் பகுதி. பணம் தாராளமாக இருந்தால் ஓர் இரவு அங்கே உள்ள மஞ்சள் சுவர் வீடுகளில் தங்கிப் பாருங்கள். உயரமான கூரை, நடுமுற்றம், விடியற்காலையில் சத்தமே இல்லாத வீதி, எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். மற்றபடி ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் தங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஈஸ்வரன் கோயில் வீதி, வைசியாள் வீதிப் பக்கம் திண்ணையும் தாழ்வாரமும் வைத்த பழைய வீடுகளைப் புதுப்பித்து விடுதியாக்கியிருக்கிறார்கள். காலையில் எழுந்து செருப்பை மாட்டினால் ஐந்து நிமிடத்தில் இட்லிக் கடை, பத்து நிமிடத்தில் மார்க்கெட். கடற்கரையும் நடக்கிற தூரம்தான்.

காலையில் எங்கே சாப்பிடுவது?

நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸில் ஒரு காலை. தொழிலாளர் கூட்டுறவுக் கடை, விலை குறைவு, அலங்காரம் எதுவும் கிடையாது. ஆம்லெட், ரொட்டி, காபி போதும். இன்னொரு காலை கடற்கரைச் சாலையில், கடலை ஒட்டி இருக்கும் லெ கஃபே. உண்மையைச் சொன்னால் அங்கே காபியைவிட உட்காரும் இடம்தான் விசேஷம். சூரியன் எழும்பும்போது போங்கள்.

இட்லி, பொங்கல், வடைக்கு நான் பெயர் சொல்லப்போவதில்லை. தங்கியிருக்கும் விடுதியின் வாட்ச்மேனையோ ஆட்டோக்காரரையோ "நீங்க எங்கண்ணே சாப்பிடுவீங்க?" என்று கேளுங்கள். "நல்ல ஓட்டல் எது?" என்று கேட்டால் கமிஷன் கொடுக்கும் கடையைக் காட்டிவிடுவார்கள்.

பெரிய மார்க்கெட்டில் சுற்றுலாப் பயணிக்கு என்ன வேலை?

நிறைய. நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவே இருக்கும் குபேர் அங்காடியைத்தான் நாங்கள் பெரிய மார்க்கெட் என்போம். காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் போய்விடுங்கள். பூக்கட்டுகிற வரிசை, வாழை இலை, கீரை, கருவாடு, உள்ளே போகப் போக மீன். மீன் விற்கும் அம்மாக்களிடம் வாங்காமல் போட்டோ மட்டும் எடுத்தால் திட்டு விழும், அதில் நியாயமும் உண்டு. முதலில் கேட்டுவிட்டு எடுங்கள்.

அங்கே அவசியம் பார்க்க வேண்டியது வடகம். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம், கறிவேப்பிலை, மஞ்சள் எல்லாம் இடித்துக் கலந்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்து, பங்குனி சித்திரை வெயிலில் நாள்கணக்கில் காயவைப்பார்கள். தினமும் மாலை உதிர்த்துத் திரும்ப உருட்ட வேண்டும். விழுப்புரம், கடலூர், புதுச்சேரி வீடுகளில் மீன்குழம்பை இறக்கும்போது இதைத்தான் கிள்ளித் தாளிப்போம். அந்த வாசனை இல்லையென்றால் எங்கள் வீட்டில் அது மீன்குழம்பே இல்லை. பிரெஞ்சுக்காரர்களும் இதன் ருசியில் மயங்கி ஊருக்கு எடுத்துப்போனார்கள். இன்று பாரிஸ் சமையல்காரர்கள் 'வாதுவான்' என்ற பெயரில் ஒரு மசாலாத் தூள் பயன்படுத்துகிறார்களே, அது நம் வடகத்தின் வாரிசு. அந்தத் தூளை இங்கே கண்ணாடிப் புட்டியில் அழகாகக் கட்டி விற்கும் கடைகளும் உண்டு. உங்களுக்கு மார்க்கெட் உருண்டையே போதும், விலையும் மலிவு.

அப்படியானால் புதுச்சேரியில் பிரெஞ்சு சாப்பாடு உண்டா இல்லையா?

உண்டு, மூன்று விதமாக.

ஒன்று, ஒயிட் டவுன் கஃபேக்களில் கிடைப்பது. குருவாசான், கிரெப், பாஸ்தா, பீட்சா. நன்றாகச் செய்கிற இடங்கள் இருக்கின்றன. ஆனால் அதில் பாதி சென்னையிலும் கிடைக்கும், இங்கே கொடுக்கும் காசில் ஒரு பங்கு அந்தச் சுவருக்கும் காகிதப்பூக் கொடிக்கும் போகிறது. ஒரு வேளைக்கு மேல் வேண்டாம்.

இரண்டாவது ரொட்டி. இது நிஜமாகவே இந்த ஊர்ச் சொத்து. நீளமான, மேல் ஓடு மொறுமொறுவென்று இருக்கும் பிரெஞ்சு ரொட்டியைத் தமிழ்க் குடும்பங்களும் வாங்குகிறார்கள். அதைக் கறிக்குழம்பில் தோய்த்துச் சாப்பிடுவதில் யாருக்கும் எந்தக் கூச்சமும் இல்லை. சுட்ட அன்றே சாப்பிட்டுவிட வேண்டும், மறுநாள் அதை வைத்து ஆணி அடிக்கலாம்.

மூன்றாவது, கிரியோல் வீட்டுச் சமையல், அதாவது பிரெஞ்சும் தமிழும் கலந்த குடும்பங்களின் சமையல். பிரெஞ்சு பாணியில் வேகவைத்த கறியில் நம்முடைய மஞ்சளும் சோம்பும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தது. ரகு எனப்படும் கெட்டிக் கறிக்குழம்பு, மீனும் இறாலும் போட்ட புயாபெஸ் சூப், கிறிஸ்துமஸுக்கு ரவையும் வெண்ணெயும் ரம்மில் ஊறிய திராட்சையும் சேர்த்துச் செய்யும் விவிகம் கேக். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்களை இங்கே சொல்தா என்போம். அவர்களில் பலர் வியட்நாமில், குறிப்பாக சைகோனில், இருந்துவிட்டு வந்தவர்கள். அதனால்தான் சில தமிழ் வீடுகளில் விசேஷ நாளில் நெம் என்கிற வியட்நாம் சுருளைப் பொரிக்கிறார்கள். இந்த மூன்றாவது வகைதான் புதுச்சேரிக்கே உரியது, ஓட்டலில் தேடினால் கிடைப்பது அரிது. வைசியாள் வீதி, பெருமாள் கோயில் வீதிப் பக்கத்துப் பாரம்பரிய விடுதிகளில் முன்கூட்டிச் சொன்னால் சமைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அறை போடும்போதே கேளுங்கள். இரண்டு நாளில் ஒரு நல்ல சாப்பாட்டுக்குத்தான் காசு செலவழிப்பேன் என்றால் இதற்குச் செலவழியுங்கள்.

மதியம் மீன் சாப்பாடு?

எந்த மெஸ்ஸானாலும் பன்னிரண்டரைக்குள் போங்கள். இரண்டு மணிக்குப் போனால் குழம்பு இருக்கும், மீன் இருக்காது. வஞ்சிரம் வறுவல் எங்கேயும் கிடைக்கும். இங்கே வந்து சங்கரா, நெத்திலி, கிழங்கான் என்று கேளுங்கள், அன்றைக்கு என்ன வந்தது என்று கேட்டு அதைச் சாப்பிடுங்கள். சுறாப்புட்டு இருந்தால் விடாதீர்கள்.

நாங்கள் சைவம். எங்களுக்கு என்ன இருக்கிறது?

தாராளமாக இருக்கிறது. மிஷன் வீதி, நேரு வீதி, காமராஜர் சாலைப் பக்கம் சைவச் சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. அரவிந்தர் ஆசிரமம் இருப்பதால் வட இந்திய, வங்காளச் சாப்பாடும் இனிப்பும் கிடைக்கும். வடகத்தைத் தாளித்த கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு வீட்டுச் சாப்பாட்டில்தான் சரியாக வரும்.

மாலையில்?

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளை விடுவதில்லை. காந்தி சிலையிலிருந்து பழைய சுங்க அலுவலகக் கட்டடத்தைத் தாண்டி நடந்தால் சுண்டல், மாங்காய், பஜ்ஜி. பிரியாணி வேண்டுமென்றால் தெற்கே முல்லா வீதி, காஜியார் வீதிப் பக்கம் போங்கள். அங்கே ஒயிட் டவுனைவிடப் பழமை மாறாத வீடுகளும் இருக்கின்றன, கார்க் கண்ணாடி வழியே பார்க்காமல் நடந்தே பாருங்கள்.

சாப்பாட்டுக்கு நடுவே வரலாறு என்று எதைப் பார்ப்பது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஒயிட் டவுன் வீடுகளை எல்லாம் "முந்நூறு வருஷக் கட்டடம்" என்று சொல்லும் வழிகாட்டிகள் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் 1674இல் இங்கே வந்தது உண்மை. 1693இல் டச்சுக்காரர் பிடித்து, 1699இல் திருப்பிக் கொடுத்தார்கள். நேர்நேரான வீதி அமைப்பு டச்சுக்காரர் போட்ட திட்டத்திலிருந்து வந்தது என்பார்கள். ஆனால் 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் நகரத்தைப் பிடித்து, கோட்டையோடு சேர்த்து இடித்துத் தள்ளினார்கள். நீங்கள் பார்க்கும் மஞ்சள் சுவர்களில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு எழுந்தவை.

அந்த அழிவுக்கு முந்திய வீடு வேண்டுமா? வாய்க்காலுக்கு மேற்கே, மார்க்கெட்டை ஒட்டி ரங்கப்பிள்ளை வீதியில் இருக்கிறது. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளரும் வியாபாரத் தரகருமாக) இருந்த ஆனந்த ரங்கப்பிள்ளை 1730களில் கட்டிய மாளிகை. கீழே நம்மூர் மரத்தூண், மேலே பிரெஞ்சுத் தூண். 1736லிருந்து தன் காலத்து அரசியல், வியாபாரம், வம்பு எல்லாவற்றையும் தமிழில் நாட்குறிப்பாக எழுதிவைத்தவர் அவர். நகரம் விழுந்த அதே 1761 ஜனவரியில்தான் இறந்தார். மாளிகை எப்போதும் திறந்திருக்காது, வெளியிலிருந்தாவது பாருங்கள்.

அப்புறம் ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீடு. 1908இல் வந்து 1918 வரை, ஆங்கிலேயர் கைக்கு எட்டாமல் இங்கே இருந்தார். பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடு. இரண்டும் நினைவகங்கள். பாரதி பூங்கா நடுவில் இருக்கும் ஆயி மண்டபத்தை எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டியதாகச் சொல்லப்படும் ஆயி என்ற பெண்ணின் நினைவாக எழுந்தது அது. முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குக் குடிநீர் வந்தபோது மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கட்டியது.

கோயில்களில் மணக்குள விநாயகர் கோயிலுக்கு எப்படியும் போவீர்கள். மிஷன் வீதியில் இருக்கும் பெரிய மாதா கோயிலை ஊரார் சம்பா கோயில் என்பார்கள், துய்மா வீதியில் இருப்பதை கப்ஸ் கோயில் என்பார்கள். ஆட்டோக்காரரிடம் இந்தப் பெயரைச் சொன்னால் சுற்றாமல் போவார்.

அரிக்கமேடு போகலாமா?

ரோமானியரோடு வியாபாரம் நடந்த பழைய துறைமுகம் இது. ஆர்வம் இருந்தால் மட்டும் போங்கள். ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், மரங்களுக்கு நடுவே சிதைந்த செங்கல் சுவர்தான் நிற்கிறது. அதுவும் ரோமானியர் காலத்தது கிடையாது, பிற்காலத்தில் பாதிரிமார் கட்டிய வீட்டின் மிச்சம். நிஜமான சரக்கு மண்ணுக்கு அடியில் இருக்கிறது. 1945இல் தொல்லியல் அறிஞர் மார்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய ஆம்போரா ஜாடிகளும், இத்தாலியச் சிவப்பு மண்பாண்டங்களும், மணிகளும் வெளியே வந்தன. அந்த ஜாடிகளில் மதுவும் ஆலிவ் எண்ணெயும், கரும் என்ற புளித்த மீன் சாறும் வந்திறங்கின. சாப்பாட்டு இறக்குமதி இந்தக் கரைக்கு இரண்டாயிரம் வருஷப் பழக்கம். கண்டெடுத்தவற்றில் சிலவற்றை செயின்ட் லூயி வீதி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம், முதலில் அங்கே போய்விட்டு வாருங்கள்.

கடலில் குளிக்கலாமா?

கடற்கரைச் சாலையில் வேண்டாம். அங்கே கரை நெடுகக் கருங்கல். தெற்கே துறைமுகத்துக்காகக் கட்டிய தடுப்புச்சுவர் மணலின் ஓட்டத்தை மறித்ததால் வடக்கே கரை அரித்துப்போய்விட்டது. 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஒரு தடுப்பு போட்ட பிறகு கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. மணலைப் பார்த்ததும் இறங்கிவிடுகிறார்கள், அலை இழுத்துப் போய் உயிர்ப்பலி ஆகிறது. குழந்தைகள் மணலில் விளையாட வேண்டுமென்றால் சுண்ணாம்பாறு படகுத்துறையிலிருந்து படகில் பாரடைஸ் பீச் போகலாம். அங்கேயும் கணுக்கால் அளவோடு நில்லுங்கள்.

ஆரோவில்?

அங்கே இருக்கும் பொன்னிறத் தியான மண்டபமான மாத்ரிமந்திர் உள்ளே போக முன்பதிவு வேண்டும். பதிவு செய்யாவிட்டால் தூரத்துப் பார்வை இடத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இரண்டு நாள் பயணத்தில் அரை நாளை இது தின்றுவிடும். நானாக இருந்தால் அந்த அரை நாளைக் கடலூருக்குக் கொடுப்பேன்.

கடலூரில் அப்படி என்ன இருக்கிறது?

சொந்த ஊர்ப் பாசம் என்று நினைத்தாலும் பரவாயில்லை. 1690இல் ஆங்கிலேயர் மராத்தியரிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டு, குண்டு விழுந்த எல்லை வரைக்கும் உள்ள ஊர்கள் எல்லாம் தங்களுடையது என்று எடுத்துக்கொண்டார்கள். அதனால் அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது தென்னிந்தியாவில் ஆங்கிலேயரின் தலைமையிடம் கடலூர்தான். கொஞ்ச வருஷம் துய்ப்ளேயும் அவருடைய எதிரிகளும் ஒரு மணி நேரப் பேருந்து தூரத்தில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தார்கள். கோட்டையில் இன்று மிச்சம் கொஞ்சம்தான். பக்கத்தில் சில்வர் பீச் நன்றாக அகலமாக இருக்கும்.

காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலைப் பார்க்கலாம். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரையேறியது இந்தப் பக்கம்தான் என்பது ஐதீகம், கரையேறவிட்டகுப்பம் என்று ஊரே இருக்கிறது. நேரமிருந்தால் திருவந்திபுரம் தேவநாத சுவாமி. முகூர்த்த நாளில் மட்டும் அங்கே போகாதீர்கள், மலையடிவாரம் முழுக்கக் கல்யாணக் கூட்டம். மதியம் முதுநகர்ப் பக்கம் ஒரு மெஸ்ஸில் மீன் சாப்பாடு. துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதால் மீன் புதுசு, புதுச்சேரியைவிடச் செலவும் குறைவு. குழம்பில் காரம் தூக்கலாக இருக்கும், மோர் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை ஸ்கூட்டரில் கடலூர் போகலாமா?

வண்டி கொடுப்பவரிடம் மாநில எல்லை தாண்டலாமா என்று முதலில் கேளுங்கள். தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் சாலையில் லாரியும் பேருந்தும் அதிகம். பேருந்தில் போய்விட்டு வருவதே நிம்மதி. ஊருக்குள் ஸ்கூட்டர் சரிதான், ஒருவழிப் பாதைகள் ஜாஸ்தி, ஹெல்மெட் கட்டாயம்.

ஊருக்குத் திரும்பும்போது பாட்டில் வாங்கிப் போகலாமா?

இதைக் கேட்காத மச்சான் கிடையாது. எல்லைச் சோதனைச்சாவடிகளில் தமிழ்நாடு போலீஸ் பையைத் திறந்து பார்ப்பார்கள், பிடித்தால் வழக்கு, சில சமயம் வண்டியும் போகும். குடும்பத்தோடு வந்த வண்டியை ஒரு பாட்டிலுக்காக ஓரங்கட்டி நிறுத்தியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

வேறென்ன வாங்குவது?

வடகம், கொஞ்சம் கருவாடு, கடலூர் வழியாகத் திரும்பினால் பண்ருட்டி முந்திரி. கருவாட்டை இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி வெளியே செய்தித்தாளும் சுற்றச் சொல்லுங்கள். ஏசி பஸ்ஸில் போகிறவர்கள் கருவாட்டை மறந்துவிடுவது நல்லது.